குடும்பம் என்று சொன்னார்கள், கையெழுத்துக் கேட்கிறார்கள்!



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். பெங்களூர் டெலிபோன் தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய மகன் எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதத்தின் நகல் அது. சொந்தக் காரணங்களுக்காக, சுய விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுவதாக இரண்டே வரிகள்.

சுய விருப்பம்! அந்தச் சுய விருப்பம் எப்படிப் பிறந்தது என்பதைக் கேளுங்கள். பையன் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் 11 ஆண்டுகள் வேலை செய்தவன். ஒரு நாள் மாலை நாலு மணிக்கு ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் தயாராக அச்சடித்து வைக்கப்பட்டிருந்தது. "கையெழுத்துப் போட்டால் மூன்று மாதச் சம்பளமும் நல்ல சான்றிதழும் கிடைக்கும், போடாவிட்டால் நாங்களே நீக்குவோம், அப்புறம் எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்காது" என்றார்கள். யாருக்கும் போன் செய்யக் கூடாது. யோசிக்க ஒரு மணி நேரம். அவன் கையெழுத்துப் போட்டான். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டார்கள். காவலாளி ஒருவர் வாசல்வரை கூடவே வந்து விட்டுப் போனார்.

அதன்பிறகு 19 நாட்கள் அவன் வீட்டில் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் குளித்து, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய் ஏதோ ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, இரவு ஏழு மணிக்குத் திரும்பி வந்திருக்கிறான். இருபதாம் நாள் வங்கியிலிருந்து வீட்டுக் கடன் தவணை பற்றி வந்த போனை மருமகள் எடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பெரியவர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "என் காலத்தில் ஒரு ஹெல்பரை வேலையை விட்டு எடுக்க வேண்டுமென்றால்கூட குற்றப் பத்திரிகை கொடுக்கணும், விசாரணை வைக்கணும், யூனியன்காரர் பக்கத்தில் உட்காரணும். மாதக்கணக்கில் ஆகும். இவன் இன்ஜினீயர். இவனுக்கு ஒரு மணி நேரம்தானா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் காட்டிய சொர்க்கம்

கம்ப்யூட்டர் கம்பெனிகள் இந்த நகரத்துக்கு வந்தபோது ஒரு புதிய பண்பாட்டைக் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்டன. மேலதிகாரியை 'சார்' என்று கூப்பிட வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். புல்வெளி, நீச்சல் குளம், கண்ணாடிக் கட்டடம், பத்து விதச் சாப்பாடு. இன்ஃபோசிஸ் கம்பெனி 1981இல் பத்தாயிரம் ரூபாய் முதலில் ஏழு பேரால் தொடங்கப்பட்டது என்பதும், பிற்பாடு அது தன் ஊழியர்களுக்கும் பங்குகள் கொடுத்தது என்பதும் உண்மை. அதனால் வாழ்வு மலர்ந்த வீடுகள் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. வேலூர், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஒற்றை அறையில் ஆறு பேராகக் கிடந்த நம் குடும்பங்களில் ஒரு பெண் கழுத்துப் பட்டையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிய நாள் திருநாள்தான்.

அந்த நாளில் நம் பிள்ளைகளிடம் கம்பெனி சொன்ன வார்த்தை, "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்." குடும்பத்துக்குள் யூனியன் எதற்கு என்றும் கேட்டது. நாமும் தலையாட்டினோம்.

இன்று அந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரியிலிருந்து நேரே எடுக்கப்பட்ட பையனுக்கு இந்தப் பெரிய கம்பெனிகள் கொடுத்த ஆண்டுச் சம்பளம் சுமார் மூன்று லட்சம். இன்றும் பெரும்பாலோருக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இதற்கிடையில் வீட்டு வாடகை என்ன ஆயிற்று, பால் விலை என்ன ஆயிற்று, பள்ளிக் கட்டணம் என்ன ஆயிற்று என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும்.

வேலை நேரம்? 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, நாட்டு இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று உபதேசம் செய்தார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாய் என்றும் கேட்டார். மனைவி முகத்தைப் பார்ப்பதுகூட இவர்கள் கணக்கில் வீண் செலவு! வாரம் 90 மணி என்றால் ஏழு நாளும், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் போய் வர மூன்று மணி நேரம் ஆகிறதே, அதை யார் கணக்கில் எழுதுவது?

வேலைப் பாதுகாப்பு? கம்பெனியில் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை கிடைக்கும்வரை காத்திருப்பதைப் 'பெஞ்சில் இருப்பது' என்பார்கள். முன்பு அது கற்றுக்கொள்ளும் காலம். 2025 ஜூனில் டி.சி.எஸ். கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது: ஆண்டில் குறைந்தது 225 நாட்கள் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கக்கூடிய வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாட்களுக்குமேல் இருக்கக் கூடாது. வேலையைப் பிடித்து வருவது கம்பெனியின் பொறுப்பா, உழைப்பவனின் பொறுப்பா? வியாபாரம் மந்தமானால் அதற்கும் இவன்தான் பொறுப்பாளி! அடுத்த மாதமே, 2025 ஜூலையில், தன் ஊழியர்களில் நூற்றுக்கு இருவரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அதே கம்பெனி அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு முந்திய நிதியாண்டில் அதன் நிகர லாபம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். நட்டத்தில் ஆட்குறைப்பு என்பது பழைய கதை. லாபத்திலேயே ஆட்குறைப்பு என்பது புதிய பண்பாடு.

2025 பிப்ரவரியில் மைசூரில் இன்ஃபோசிஸ் வளாகத்தில் பயிற்சியிலிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் அனுப்பப்பட்டார்கள். எழுநூறு பேர் என்று அவர்களுக்காகப் புகார் கொடுத்த அமைப்பு சொன்னது. முந்நூறுக்குச் சற்று மேல் என்று கம்பெனி சொன்னது. மூன்று முறை தேர்வில் தேறாதவர்கள், ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனை உண்டு என்பது கம்பெனியின் வாதம். ஒப்பந்தத்தில் இருந்தது சரி. வேலை உத்தரவை வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் வாசலில் காத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்களே, அந்த இரண்டு ஆண்டுக்கு எந்த ஒப்பந்தத்தில் பதில் இருக்கிறது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022இல் விப்ரோ கம்பெனி, ரகசியமாக வேறு கம்பெனிக்கும் வேலை செய்ததாக 300 பேரை வெளியேற்றியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஏமாற்று. ஒரு ஆள் இரண்டு வேலை செய்தால் ஏமாற்று. ஒரு ஆளிடம் இரண்டு ஆளின் வேலையை வாங்கினால் நிர்வாகத் திறமை! வேலையை விட்டுப் போக விரும்பும் ஊழியன் 90 நாட்கள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பல கம்பெனிகளில் நடைமுறை. கம்பெனி அவனை அனுப்ப விரும்பினால் ஒரு மணி நேரம் போதும். இதுதான் இவர்களுடைய குடும்ப நீதி.

பண்பாடு எங்கிருந்து வந்தது?

பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவருக்குக் கிடைத்த விசாரணையும் பாதுகாப்பும் அவருடைய முதலாளி நல்லவர் என்பதாலா கிடைத்தன?

இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் 1948இல் பெங்களூரில் எழுந்தது. அதுவும் அந்தக் காலத்தின் உயர்தொழில்நுட்பக் கம்பெனிதான். நாட்டுக்கு வேண்டிய டெலிபோன் கருவிகளும் எக்ஸ்சேஞ்சுகளும் அங்கே செய்யப்பட்டன. ஹெச்.ஏ.எல்., ஹெச்.எம்.டி., பி.இ.எல். எல்லாவற்றிலும் நம் மக்கள் கன்னடத் தோழர்களோடும் மலையாளத் தோழர்களோடும் தோளோடு தோள் நின்று உழைத்தார்கள். கேண்டீன் இருந்தது, ஏனெனில் 250 பேருக்குமேல் உழைக்கும் இடத்தில் கேண்டீன் வைக்க உத்தரவிடலாம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் இருந்தது. அதையும் அந்தச் சட்டமே சொன்னது. விசாரணையில்லாமல் நீக்கக் கூடாது என்ற முறை இருந்தது. 1946ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டம் வேலை விதிகளை எழுத்தில் வைக்கும்படி நிர்ப்பந்தித்தது. சட்டப் புத்தகத்தில் தூங்கிய இந்த வரிகளை எழுப்பி நடக்க வைத்தது யூனியன்.

1980 டிசம்பர் 26ஆம் தேதி, பெங்களூர் பொதுத்துறைத் தொழிலாளர்கள் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 77 நாட்கள் நீடித்தது. பெல் நிறுவனத் தொழிலாளர்களுக்குச் சமமான ஊதியம் என்பது கோரிக்கை. முழு வெற்றி கிடைக்கவில்லை. கேட்டதைப் பெறாமலேயே திரும்பினார்கள். அந்த 77 நாட்களில் தாலிக்கொடியை அடகு வைத்த தாய்மார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகும் எந்த மானேஜரும் ஒரு தொழிலாளியை அறைக்குள் கூப்பிட்டு ஒரு மணி நேரத்தில் கையெழுத்து வாங்கத் துணியவில்லை. தோற்ற யூனியனுக்குக்கூட அவ்வளவு மரியாதை இருந்தது!

அந்தக் காலம் பொற்காலம் என்று நாங்கள் புளுகவில்லை. யூனியன் தேர்தலில் தமிழன், கன்னடன் என்று பிரிந்து நின்ற அவமானம் நமக்கு உண்டு. தலைவர்கள் சிலர் நிர்வாகத்தின் மடியில் உட்கார்ந்ததும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரத் தொழிலாளி தன் ஆளாகவே எண்ணாத பாவமும் உண்டு. அந்தப் பாவத்தின் பலனை அதே டெலிபோன் தொழிற்சாலையின் வாசலில் பார்த்தோம்: 2021 டிசம்பரில் 80 ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை மறுக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். யூனியன் பலமிழந்தபோது பொதுத்துறையின் பண்பாடும் போயிற்று என்பதே இதன் பாடம்.

இன்னும் பின்னே போவோம். கோலார் தங்கவயலில் 1930இல் நம் பாட்டன்மார்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? கம்பெனி அவர்களுடைய கைரேகையைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், சுரங்கத்தின் ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள். அவர்கள் சொன்னார்கள், நாங்கள் கைரேகை கொடுக்க மாட்டோம் என்று. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் கம்பெனி ஒரு மென்பொருளை வைக்கிறது. எத்தனை முறை விசையை அழுத்தினான், எத்தனை நிமிடம் கை ஓய்ந்திருந்தது என்று அது எண்ணுகிறது. பட்டம் பெற்ற பேரன் பேசாமல் இருக்கிறான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பின் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காரப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் ரயிலேறி இந்த நகரத்துக்கு உழைக்க வருகிறார்கள். பாட்டன் வைத்துப்போன வீரத்தை மட்டும் ரயிலில் ஏற்றவில்லை.

சட்டத்தில் வெட்டிய வாசல்

ஒரு மணி நேரத்தில் கையெழுத்து வாங்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அரசாங்கம் கொடுத்தது. மேலே சொன்ன நிலையாணைகள் சட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கர்நாடக அரசு விலக்குக் கொடுத்தது. 2014இல் ஐந்து ஆண்டுகளுக்கு, 2019இல் மறுபடியும் ஐந்து ஆண்டுகளுக்கு, அதன்பிறகும் நீட்டிப்பு. ஆட்சியில் கட்சிகள் மாறின. விலக்கு மட்டும் மாறவில்லை. குறை தீர்க்கும் குழு வைக்க வேண்டும், வேலைநீக்கம் பற்றித் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. கம்பெனிகளுக்கு இதிலும் வழி உண்டு: 'தானாக விலகியவனை' வேலைநீக்கக் கணக்கில் எழுத வேண்டியதில்லை! பெரியவர் கொண்டுவந்த இரண்டு வரிக் காகிதத்தின் விலை இப்போது புரிகிறதா?

2025 நவம்பர் 21இல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதிலும் நிலையாணைகளிலிருந்து விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

இப்போது 2024 ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். தனியார் கம்பெனிகளில் கர்நாடகத்தவருக்கு வேலை ஒதுக்கும் மசோதா பற்றி நாடே பேசியது. டீக்கடையில், பஸ்ஸில், நம் வீட்டு வாசலில், உள்ளூர்க்காரனா வெளியூர்க்காரனா என்ற சண்டை. மசோதா ஓரிரு நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே வாரத்தில், அந்தச் சத்தத்துக்கு நடுவே, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒரு நாள் வேலை நேரத்தை 14 மணிவரை நீட்டும் யோசனையும் அரசின் மேசையில் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னடத்தானுக்கா தமிழனுக்கா அந்த வேலை என்று நாம் அடித்துக்கொண்டிருந்தோம். யாருக்குக் கிடைத்தாலும் அது 14 மணி நேர வேலை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்!

அந்த யோசனையை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் யார்? 2017இல் தொடங்கிய கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கம். கன்னடம், தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி பேசும் இளைஞர்கள் சேர்ந்து நின்றார்கள். 14 மணி நேரம் சட்டமாகவில்லை. 2025 ஜூனில் வேறு வேடத்தில் மீண்டும் வந்தது: நாளுக்கு 9 மணி என்பதை 10 ஆக்கவும், கூடுதல் நேரத்தையும் சேர்த்து 12 மணிவரை போகவும், மூன்று மாதத்தில் 50 மணி என்றிருந்த கூடுதல் நேரத்தை 144 ஆக்கவும் முன்மொழிவு. எதிர்ப்பு இருந்தால் பின்வாங்குவார்கள். நாம் தூங்கினால் முன்னேறுவார்கள்.

மாடியும் தரையும்

கம்பெனிப் பண்பாடு என்றால் மாடியில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர்களின் கதை மட்டுமல்ல. எங்கள் உறுப்பினர் வீடு ஒன்றில் அம்மாவும் மகளும் ஒரே கட்டடத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். மகள் நாலாவது மாடியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில். அம்மா அதே கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங்; ஒப்பந்தக்காரரிடம் சம்பளம். மகளுக்குக் கண்ணாடி வாசல், அம்மாவுக்குப் பின்பக்க வாசல். மகள் சாப்பிடும் கேண்டீனை அம்மா துடைக்கலாம்; அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. திரும்பிப் போகும்போது அம்மாவின் பையை மட்டும் சோதனை போடுவார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் மாறுவார். அம்மாவின் 14 ஆண்டு உழைப்பு ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்து தொடங்கும்.

மகள் எங்களிடம் சொன்னாள்: "அம்மாவைத் தாழ்வாரத்தில் பார்த்தால் நான் பேச மாட்டேன் அண்ணா. அவங்களே, பேசாதேன்னு சொல்லிட்டாங்க."

'ஒரே குடும்பம்' என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் கட்டடத்தில், உண்மையான ஒரு குடும்பம் ஒன்றையொன்று தெரியாததுபோல் நடந்து போகிறது! இந்தப் பண்பாடு இப்போதுதான் சரிந்தது என்று சொல்ல முடியுமா? தரையில் இருந்தவர்களுக்கு அது தொடக்கம் முதலே இப்படித்தான். காவலாளி, டிரைவர், சமையல்காரர், துப்புரவு செய்யும் அம்மா ஆகியோருக்கு விசாரணையின்றி வேலை போனபோது மாடியிலிருந்தவர்கள் கேட்கவில்லை. இன்று அதே கத்தி மாடியேறி வந்திருக்கிறது.

நம் குற்றம்

தோழர்களே, கம்பெனியை மட்டும் ஏசிவிட்டுப் போவது எளிது. நம்மையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

யூனியனில் 30 ஆண்டுகள் இருந்து, யூனியன் வாங்கிக் கொடுத்த சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த நாம், அவன் வேலைக்குப் போன முதல் நாள் என்ன சொல்லி அனுப்பினோம்? "யூனியன் கீனியன்னு போகாதே. தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்" என்றோம். வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு வம்பு வேண்டாம் என்றோம். 1991இல் இந்த நகரத்தில் காவிரியின் பெயரால் நம் மக்கள் அடிபட்டதைப் பார்த்த பயம் அது. அந்தப் பயத்தை நாங்கள் இழிவாகப் பேசவில்லை. ஆனால் தலையைக் குனிந்தவனைக் கம்பெனி விட்டுவைத்ததா? குனிந்த கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றுவது அவர்களுக்குச் சுலபமாயிற்று, அவ்வளவுதான்.

அதோடு முடியவில்லை. கம்பெனி வேலைக்காரன் என்பதை நாம் ஒரு சாதிப் பட்டம்போல ஆக்கிவிட்டோம். கல்யாணப் பேச்சில் அதுதான் முதல் வார்த்தை. வேலை போனவனை உறவினர் பார்க்கும் பார்வைக்குப் பயந்துதான் அந்தப் பையன் 19 நாட்கள் பூங்காவில் உட்கார்ந்திருந்தான். கம்பெனி அவனுடைய வேலையைப் பறித்தது. வீட்டுக்கு வந்து சொல்லும் தைரியத்தைப் பறித்தது யார்? நாம்தான்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஆட்கள் வேண்டாம், என்ன செய்வது?" என்கிறார்கள். 12,000 பேரைக் குறைத்தபோது டி.சி.எஸ். தலைமை நிர்வாகியே காரணம் அதுவல்ல, திறமை பொருந்தாததுதான் என்றார். சரி, நாளை அதுவே காரணமாகட்டும். எந்திரம் வருவது புதிதல்ல. டெலிபோன் தொழிற்சாலையிலும் சுழலும் எக்ஸ்சேஞ்சு போய் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சு வந்தது. எந்திரத்தால் மிச்சமாகும் நேரம் உழைப்பவனுக்கு ஓய்வாக வருமா, முதலாளிக்கு லாபமாகப் போகுமா என்பதை முடிவு செய்வது எந்திரம் அல்ல. எட்டு மணி நேர வேலையை நாலு மணியில் முடிக்கும் கருவி வந்திருக்கிறது என்கிறார்கள். அதே மூச்சில் வாரம் 70 மணி உழை என்கிறார்கள். எதை நம்புவது?

"யூனியன் வந்தால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும்" என்கிறார்கள். யூனியன் இல்லாதபோதே ஆட்களைக் குறைக்கிறார்கள், லாபம் இருக்கும்போதே குறைக்கிறார்கள். இதைவிட யூனியன் என்ன கெடுத்துவிட முடியும்?

"இவர்கள் தொழிலாளிகள் அல்ல, அதிகாரிகள், சட்டம் பொருந்தாது" என்கிறார்கள். பொய். புதிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொழில்நுட்ப வேலை செய்பவர் தொழிலாளிதான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்குமேல் வாங்கும் மேற்பார்வையாளரும்தான் விலக்கு. உத்தியோகத்தின் பெயர் 'மானேஜர்' என்று இருந்தால் போதாது. செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் சம்பள வீதம் நட்டஈடும் சட்டப்படி உண்டு. இதைக் கொடுக்காமலிருக்கத்தான் அந்த இரண்டு வரிக் காகிதம்.

செய்ய வேண்டியது

பெரியவரின் மகனை வரவழைத்துப் பேசினோம். மிரட்டி வாங்கிய கையெழுத்தை எதிர்த்துத் தொழிலாளர் துறைக்கு மனு எழுதியிருக்கிறோம். வெற்றி நிச்சயம் என்று பொய் சொல்ல மாட்டோம். நீண்ட வழி அது. அவனோடு அறைக்குள் அழைக்கப்பட்டவர்களில் மேலும் மூவர் இப்போது அவனோடு வந்திருக்கிறார்கள். ஒருவர் கன்னடர், ஒருவர் ஆந்திராக்காரர், ஒருவர் நம் சேலத்துப் பெண்.

நம் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். பிள்ளைகளின் வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, ஆண்டு மதிப்பீடு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்திருங்கள். லேப்டாப்பைப் பறித்தபின் எதுவும் கையில் இருக்காது. அறைக்குள் கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்டால், "எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டு நாளை பதில் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாலும் அன்றே, எந்தச் சூழ்நிலையில் போட்டேன் என்று கம்பெனிக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஐ.டி. ஊழியர் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். சங்கத்தில் சேரும்போது, தரையைத் துடைக்கும் அம்மாவையும் வாசலில் நிற்கும் காவலாளியையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: "வேலை போனால் நேரே வீட்டுக்கு வா. பூங்காவுக்குப் போகாதே."

பொய்க் குடும்பத்தின் வேடம் கலைகிறது. உண்மையான குடும்பம் விழித்துக்கொள்ளட்டும்!

கூப்பிட்ட அறைக்குள் இனி எவரும் தனியாகப் போக வேண்டாம்!

ஒன்றுபடுவோம்! உரிமை காப்போம்!